பழைய விளையாட்டுப் பத்திரிகைப் படங்கள்: அசல் பிரிண்டா, வயர் போட்டோவா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் வேலை பார்த்த வருஷங்களில் தொற்றிக்கொண்ட பழக்கம் இது. பழைய பேஸ்பால், குத்துச்சண்டைப் படங்களைச் சேர்ப்பது. அதுவும் செய்தித்தாள் ஆபீஸ் அலமாரிகளில் கிடந்த கருப்பு-வெள்ளை பிரிண்ட்களை மட்டும். சென்னைக்குத் திரும்பிய பிறகும் விடவில்லை. பெட்டியைத் திறந்து காட்டினால், முதலில் “பழைய போட்டோவுக்கா இவ்வளவு காசு?” என்பார்கள். அதைத் தாண்டி ஆர்வமாகக் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

பிரெஸ் போட்டோ, வயர் போட்டோ: என்ன வித்தியாசம்?

மைதானத்தில் நின்று ஒருவர் படமெடுக்கிறார். அந்த நெகட்டிவை இருட்டறையில் வைத்து நேரடியாகப் போட்ட பிரிண்ட்தான் அசல் பிரெஸ் போட்டோ. அந்தப் பிரிண்டை டெலிபோன் கம்பி வழியாக இன்னொரு ஊருக்கு அனுப்பி, அங்கே ஒரு இயந்திரம் கோடு கோடாக மறுபடி உண்டாக்கியது வயர் போட்டோ. இரண்டும் அந்தக் காலத்தவை, இரண்டும் போட்டோ பேப்பரில் இருப்பவை, இரண்டின் முதுகிலும் ரப்பர் ஸ்டாம்ப் இருக்கும். குழப்பம் அங்கேதான் வருகிறது.

நிலம் வாங்கியவர்களுக்குச் சட்டென்று புரியும். அசல் பத்திரம் ஒன்று. பதிவு அலுவலகத்தில் முத்திரையோடு வாங்கிய நகல் ஒன்று. நகல் பொய்யானது இல்லை. ஆனால் கடன் கேட்டுப் போனால் வங்கி எதை மேஜையில் வைக்கச் சொல்லும்?

கம்பி வழியாக ஒரு படம் எப்படிப் போகும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

அனுப்பும் ஊரில், 8-க்கு 10 அங்குல பிரிண்ட் ஒன்றை எடுத்து, படக்குறிப்பைத் துண்டுத் தாளில் டைப் அடித்து அதன் ஓரத்தில் ஒட்டுவார்கள். பிறகு அதை ஒரு உருளையில் சுற்றுவார்கள். உருளை சுழலும். ஊசிமுனை அளவு வெளிச்சம் படத்தின் மேல் ஓடும். வெள்ளை இடத்தில் பட்டால் நிறைய வெளிச்சம் திரும்பும், கருப்பில் பட்டால் கொஞ்சம். திரும்பும் வெளிச்சத்தை ஒரு ஒளிமின் குழாய் மின்சாரமாக மாற்றும். அது கம்பியில் போகும். பெறும் ஊரில் அதே வேகத்தில் இன்னொரு உருளை இருட்டில் சுழன்றுகொண்டிருக்கும். அதில் ஃபிலிமோ போட்டோ பேப்பரோ சுற்றியிருக்கும். வந்த மின்சாரம் அங்கே மறுபடி வெளிச்சமாகி, அதன் மேல் கோடு கோடாகப் படியும். ஃபிலிமில் வாங்கினால், அந்த நெகட்டிவை வைத்து அந்தப் பத்திரிகையின் இருட்டறையில் பிரிண்ட் போடுவார்கள்.

ஒரு அங்குலத்துக்கு சுமார் 100 கோடுகள், நிமிடத்துக்கு சுமார் ஒரு அங்குலம். ஒரு படம் போய்ச் சேர 8 முதல் 10 நிமிடம். நடுவில் கம்பியில் இரைச்சல் வந்தால் படத்தின் குறுக்கே ஒரு வெள்ளைக் கீறல் விழும். இரண்டு உருளைகளின் வேகமும் ஒத்துப்போகாவிட்டால் படமே சாய்ந்துவிடும்.

அமெரிக்கச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரெஸ் (ஏ.பி.) இந்தச் சேவையை ‘வயர்போட்டோ’ என்ற பெயரில் 1935 ஜனவரி 1 அன்று தொடங்கியது. சுமார் 10,000 மைல் தொலைபேசிக் கம்பியைக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். முதலில் போன படம் விளையாட்டு சம்பந்தமானது அல்ல. நியூயார்க் மாநிலத்தின் அடிரான்டாக் மலையில் நடந்த விமான விபத்து. ஆனால் அந்தச் சேவையால் பெரிய லாபம் அடைந்தது விளையாட்டுப் பக்கம்தான். அதற்கு முன்பு நியூயார்க்கில் நடந்த ஆட்டத்தின் படம் ரயிலிலோ விமானத்திலோ போய்த்தான் கலிஃபோர்னியாக்காரர்கள் பார்க்க முடியும். வாசகர் ஸ்கோரை மறந்தபின் படம் வந்து என்ன பயன்?

டைப் 1, டைப் 2 என்கிறார்களே, அது என்ன?

பேஸ்பால் படங்களை வியாபாரம் செய்தவர்களும் சேகரித்தவர்களும் வகுத்த வரிசை. இன்று ஏல நிறுவனங்களும், சான்றிதழ் தரும் பி.எஸ்.ஏ. போன்ற நிறுவனங்களும் இதைத்தான் பயன்படுத்துகின்றன.

டைப் 1: அசல் நெகட்டிவிலிருந்து, படமெடுத்து சுமார் 2 ஆண்டுக்குள் போட்ட பிரிண்ட். டைப் 2: அதே அசல் நெகட்டிவ், ஆனால் பிரிண்ட் போட்டது பிற்காலத்தில். டைப் 3: அந்தக் காலத்திலேயே போட்டது, ஆனால் நகல் நெகட்டிவிலிருந்தோ கம்பியில் வந்ததிலிருந்தோ எடுத்தது. டைப் 4: நகலிலிருந்து, அதுவும் பிற்காலத்தில்.

வயர் போட்டோ எல்லாம் டைப் 3 அல்லது 4. இந்த 2 ஆண்டு என்ற கணக்கு சும்மா ஒரு வசதிக்காக வைத்த கோடு. 23-ஆம் மாதம் போட்ட பிரிண்டுக்கும் 25-ஆம் மாதம் போட்டதற்கும் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, விலையில் மட்டும் தெரியும். ஒரு கோடு எங்கேயாவது போட்டுத்தானே ஆக வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

டைப் 2-க்கு நல்ல உதாரணம் நாட் ஃபைன் என்ற போட்டோகிராஃபரின் படம். 1948 ஜூன் 13 அன்று யாங்கி ஸ்டேடியத்தில், நோயால் மெலிந்துபோன பேஸ்பால் நட்சத்திரம் பேப் ரூத் மட்டையை ஊன்றி நிற்பதைப் பின்னாலிருந்து எடுத்தார். முதுகில் 3 என்ற எண், முகமே தெரியாது. ‘நியூயார்க் ஹெரால்ட் ட்ரிப்யூன்’ பத்திரிகைக்காக எடுத்த அந்தப் படத்துக்கு 1949-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. ஃபைன் பிற்காலத்தில் அதைப் பிரிண்ட் போட்டுக் கையெழுத்திட்டும் கொடுத்திருக்கிறார். அவை அழகானவை, உண்மையானவை, ஆனால் டைப் 1 அல்ல. ரூத் இறந்தது 1948 ஆகஸ்டில். அந்தக் கோடைக்காலத்தில் அச்சுக்குப் போன பிரிண்ட் வேறு ரகம்.

கையில் இருப்பது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கும் 10 மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாய்தான். இந்தப் பொழுதுபோக்கில் இதைவிடப் பயனுள்ள செலவு எனக்குத் தெரியவில்லை.

லென்ஸில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது போட்டோவே இல்லை. புத்தகத்திலோ பத்திரிகையிலோ அச்சானது. வேட்டி கரை மாதிரி நெருக்கமான இணைகோடுகள் தெரிந்தால் வயர். முகத்தின் வழவழப்பான பகுதியில், வானத்தில், தரையில் பாருங்கள். கூட்டத்தின் மேல் தேடினால் கோடு கண்ணில் படாது. புள்ளியும் இல்லை, கோடும் இல்லை, மணல் தூவிய மாதிரி ஒழுங்கில்லாத நுண்துகள் மட்டும் தெரிந்தால் நெகட்டிவிலிருந்து போட்ட பிரிண்ட்.

அடுத்து படக்குறிப்பு. வயர் போட்டோவில் எழுத்துகள் படத்தின் ஒரு பகுதி. கைவிரலால் தடவினால் ஒன்றும் தட்டுப்படாது, அதே வழவழப்பு. அசல் பிரிண்டில் படக்குறிப்பு பெரும்பாலும் தனித் தாள். மெல்லிய தாளில் டைப் அடித்து முதுகில் ஒட்டியிருப்பார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. முன்பக்கத்தில் நிஜமான தாள் துண்டு ஒட்டியிருந்தால் என்ன அர்த்தம்? உருளையில் சுற்றி அனுப்பப்பட்ட பிரிண்டே அதுதான்! ஊரெல்லாம் போன நூற்றுக்கணக்கான நகல்களுக்குத் தாய். அப்படி ஒன்று கிடைத்தால், “மேலே பேப்பர் ஒட்டியிருக்கிறது, படம் பாழ்” என்று விற்பவர் விலை குறைத்தாலும் நீங்கள் வாயைத் திறக்காதீர்கள்.

கோடு இல்லை என்பதாலேயே டைப் 1 என்று முடிவுகட்டவும் கூடாது. வயர் இயந்திரம் வாங்க வசதியில்லாத சிறு பத்திரிகைகளுக்குச் செய்திப்பட ஏஜென்சிகள் பிரிண்டைத் தபாலில் அனுப்பின. ஒரே நெகட்டிவில் அத்தனை பிரிண்ட் போட்டால் மாளாது என்று, நல்ல பிரிண்ட் ஒன்றை மறுபடி படமெடுத்து, அந்த நகல் நெகட்டிவ்களில் வேலையை முடிப்பார்கள். அதில் கோடு இருக்காது. ஆனால் கூர்மை போயிருக்கும். சட்டையின் தையல், தொப்பி எழுத்தின் ஓரம், பின்னால் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தின் முகங்கள் எல்லாம் லேசாகக் கரைந்திருக்கும். வெள்ளைச் சீருடை ஒரே சுண்ணாம்பாக, மடிப்பே இல்லாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

நீங்கள் ஏமாந்ததுண்டா?

உண்டு. அமெரிக்காவின் ஜோ லூயிஸும் ஜெர்மனியின் மேக்ஸ் ஷ்மெலிங்கும் 1938 ஜூன் 22 அன்று யாங்கி ஸ்டேடியத்தில் மோதினார்கள். முதல் சுற்றிலேயே, 2 நிமிடம் 4 விநாடியில் சண்டை முடிந்துவிட்டது. ஹிட்லர் காலம், அமெரிக்காவில் அது வெறும் குத்துச்சண்டையாகப் பார்க்கப்படவில்லை. ஷ்மெலிங் தரையில் கிடக்கும் படம் ஒன்று விளையாட்டு வீரர் படம் போட்ட கார்டுகளை விற்கும் ஒரு கண்காட்சியில் கிடைத்தது. “ஒரிஜினலா?” என்று கேட்டேன். “1938 ஒரிஜினல்” என்றார் கடைக்காரர். 140 டாலர் கொடுத்தேன். மண்டப வெளிச்சம் மங்கல். என் லென்ஸ் வீட்டு மேஜையில் பத்திரமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து பார்த்தால் ஷ்மெலிங்கின் முதுகெங்கும் கோடு. அதைவிட உறைத்தது கீழ் ஓரம். படக்குறிப்பு இருந்த வெள்ளைப் பட்டையைப் பத்திரிகைக்காரர் யாரோ கத்தரித்திருந்தார்; கொஞ்சம் வளைந்து போன கத்தரி. இடது மூலையில் மட்டும் ஏழெட்டு எழுத்துகளின் மேல்பாதி தப்பிப் பிழைத்திருந்தது, வாசலில் எட்டிப் பார்க்கும் தலைகள் மாதிரி. நேரே கண்ணுக்கு முன்னால் இருந்தது, நான் பார்க்கவில்லை.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. 1938 பிரிண்ட்தான் அது. நான் கேட்ட கேள்வி தப்பு. “ஒரிஜினலா?” என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். “அசல் நெகட்டிவிலிருந்து போட்டதா?” என்று கேட்க வேண்டும். டைப் 3 என்று தெரிந்திருந்தால் 40 டாலருக்கு மேல் கொடுத்திருக்க மாட்டேன். அந்தப் படம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

முதுகில் இருக்கும் ஸ்டாம்ப்களை எப்படி வாசிப்பது?

முன்பக்கத்தைப் பார்த்து ஆசைப்படுங்கள், பின்பக்கத்தைப் பார்த்து வாங்குங்கள். முதுகின் படம் இல்லாமல் விற்பனைக்கு வருவதை நான் தொடுவதே இல்லை.

ஏஜென்சிகளின் வரலாறு தெரிந்தால் ஸ்டாம்ப் தானாகப் பேசும். ஜார்ஜ் கிரந்தம் பெய்ன் 1898-இல் தொடங்கிய பெய்ன் நியூஸ் சர்வீஸ், பழைய ஸ்டாம்ப்களில் ஒன்று. வைட் வேர்ல்ட் போட்டோஸ் முதலில் நியூயார்க் டைம்ஸின் கையில் இருந்தது, 1941-இல் ஏ.பி.க்குப் போனது. ஆக்மி நிறுவனத்தை 1952-இல் யுனைடெட் பிரெஸ் வாங்கியது. அந்த யுனைடெட் பிரெஸ், ஹெர்ஸ்ட் குழுமத்தின் செய்தி நிறுவனத்தோடு 1958-இல் சேர்ந்து யு.பி.ஐ. ஆனது.

இப்போது கணக்குப் போடுங்கள். 1927-இல் 60 ஹோம் ரன் அடித்த ரூத்தின் படம். முதுகில் யு.பி.ஐ. ஸ்டாம்ப் மட்டும். யு.பி.ஐ. பிறந்ததே 1958. அப்படியானால் இது பெரும்பாலும் பிற்காலத்தில் போட்ட பிரிண்ட். பழைய பிரிண்டின் மேல் பிற்காலத்தில் ஸ்டாம்ப் குத்துவதும் உண்டு, அதனால் ‘பெரும்பாலும்’ என்கிறேன்.

முகவரியும் உதவும். அமெரிக்காவில் 5 இலக்க ஜிப் எண் வந்தது 1963-இல். “நியூயார்க் 17” என்ற மாதிரி ஊர்ப் பெயருக்குப் பின்னால் சிறு எண் மட்டும் இருந்தால், 1943 முதல் 1963-க்குள் செய்த ஸ்டாம்ப். ஸ்டாம்பில் ஜிப் எண்ணோடு பேஸ்பால் வீரர் லூ கெரிக்கின் 1939 பிரியாவிடைப் படம் ஒன்று வந்தால் சிரித்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

பத்திரிகை நூலகத்தின் தேதி ஸ்டாம்ப் வேறு. படத்தை எடுத்துப் பயன்படுத்தும்போதெல்லாம் ஒரு தேதி குத்துவார்கள், சில சமயம் அச்சான துணுக்கையும் ஒட்டுவார்கள். ஒரே முதுகில் 5, 6 தேதிகள் பார்த்திருக்கிறேன். அவற்றில் மிகப் பழையதுதான் நமக்குக் கணக்கு.

படத்தின் மேலேயே கிறுக்கி, வெள்ளை அடித்து வைத்திருக்கிறார்களே. குறை இல்லையா?

நம்மூர் ஸ்டுடியோக்களில் பென்சிலால் டச்சப் செய்வார்கள் அல்லவா? அதே வேலைதான். மட்டமான செய்தித்தாளில் அச்சானால் கருப்புத் தொப்பி கருப்புக் கூட்டத்தில் கலந்துவிடும் என்று, தொப்பியின் ஓரத்தில் வெள்ளை வர்ணம் தீட்டுவார்கள். பக்கத்து ஆளைச் சாம்பல் வர்ணத்தால் மறைத்தே விடுவார்கள். இவ்வளவு மட்டும் போடு என்று ஆரஞ்சு மெழுகுப் பென்சிலால் கோடு போடுவார்கள்.

சந்தை இதைக் குறையாகத்தான் மதிப்பிடுகிறது. சுத்தமான பிரிண்டுக்கே விலை அதிகம். எனக்கு நேர்மாறு. தூரிகைத் தடம் தெரிந்தால் ராத்திரி டெட்லைனில் ஒரு ஆள் குனிந்து உட்கார்ந்திருப்பது தெரிகிறது. என் அபிப்பிராயத்தைப் பின்பற்றினால் லாபம் வராது, சொல்லிவிட்டேன். ஒன்று மட்டும்: மெழுகுக் கோட்டைத் துணியால் துடைத்து ‘சரிசெய்ய’ வேண்டாம். கோட்டோடு படத்தின் பளபளப்பும் போய்விடும்.

யார் எடுத்தது என்பது விலையை மாற்றுமா?

மாற்றும், நிறையவே. சார்லஸ் கான்லன் நியூயார்க்கில் ஒரு பத்திரிகையில் மெய்ப்புத் திருத்துபவர். பக்க வேலையாகப் படமெடுத்தார். பேஸ்பால் வீரர் டை காப் மண்ணைக் கிளப்பிக்கொண்டு மூன்றாவது பேஸில் சறுக்கும் அந்தப் படம் அவருடையது. பாஸ்டனில் ஸ்டுடியோ வைத்திருந்த கார்ல் ஹார்னர் எடுத்த ஹானஸ் வாக்னர் உருவப்படம்தான், உலகிலேயே பேர்பெற்ற பேஸ்பால் கார்டான டி206 வாக்னரில் இருப்பது. கார்டில் வந்த அதே படத்தின் பழைய பிரிண்ட் என்றால் விலை எங்கேயோ போய்விடும்.

1965 மே 25, மெய்ன் மாநிலத்தின் லூயிஸ்டன். சோனி லிஸ்டன் தரையில், மேலே கையை மடக்கி உறுமும் முகமது அலி. உலகம் அறிந்த காட்சி. ஆனால் அது இரண்டு படங்கள். ஏ.பி.யின் ஜான் ரூனி எடுத்தது கருப்பு-வெள்ளை. அன்றிரவே கம்பியில் ஊரெல்லாம் போனது. நீல் லைஃபர் ‘ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’டுக்காக எடுத்தது வண்ணப் படம், அந்த இதழின் அட்டையில்கூட வரவில்லை, பிற்காலத்தில்தான் புகழடைந்தது. ஆகவே “1965 வயர் போட்டோ, லைஃபர் எடுத்தது” என்று யாராவது விற்றால், ஒன்று அவருக்குத் தெரியவில்லை, இல்லை உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார். லைஃபர் படத்தில் அலியின் கால்களுக்கு நடுவே இன்னொரு போட்டோகிராஃபர் தெரிவார். இதை வைத்தே இரண்டையும் பிரித்துவிடலாம்.

இந்தப் படங்கள் எப்படி வெளியே வந்தன? திருட்டுச் சரக்கா?

பெரும்பாலும் இல்லை. பத்திரிகைகள் கம்ப்யூட்டருக்கு மாறியபோது, மாடி நிறையக் கிடந்த பிரிண்ட்கள் பாரமாகிவிட்டன. ஸ்கேன் செய்துகொண்டு பிரிண்ட்களை வந்த விலைக்கு விற்றார்கள். ஆர்கன்சாவில் ஒரு வணிகர், “ஸ்கேன் செய்து தருகிறேன், காகிதத்தை எனக்குக் கொடுங்கள்” என்று பல பெரிய பத்திரிகைகளின் கிடங்குகளைக் கைப்பற்றினார். கடைசியில் மோசடி வழக்கில் மாட்டி 2017-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஆஸ்திரேலியாவின் ஃபேர்ஃபாக்ஸ் பத்திரிகைக் குழுமத்தின் படங்களும் அவரிடம் ஸ்கேனுக்குப் போய் நடுவில் சிக்கிக்கொண்டன. நெகட்டிவ்களின் கதை வேறு: ஆக்மி, யு.பி.ஐ. நெகட்டிவ்கள் பெட்மன் என்ற பெரிய படத் தொகுப்போடு சேர்ந்து, பென்சில்வேனியாவில் ஒரு பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குள் குளிரில் இருக்கின்றன.

நூலகம், அருங்காட்சியக முத்திரை உள்ள படத்தை மட்டும் வாங்காதீர்கள். அது விற்பனைக்கு வந்திருக்கவே கூடாத சரக்காக இருக்கலாம்.

விலை எவ்வளவு?

நான் வாங்கிய அளவில் சொல்கிறேன். பெரிய பெயர் இல்லாத ஆட்டக்காரரின் வயர் போட்டோ 10 டாலருக்கும் கிடைக்கும். அதே படம் டைப் 1 என்றால் மூன்று நான்கு மடங்கு. ரூத், கெரிக், ஜாக்கி ராபின்சன் என்று போனால் இந்தப் பெருக்கல் வாய்ப்பாடு உடைந்துவிடும். வயர் நூறுகளில் நிற்கும்போது டைப் 1 ஆயிரங்களில் ஓடும்.

பேஸ்பால் வீரர் ‘ஷூலெஸ்’ ஜோ ஜாக்சனின் 1911 படம் ஒன்று 2021-இல் ஏலத்தில் 14.7 லட்சம் டாலருக்குப் போனது. அதைப் பார்த்துக் கனவு காண வேண்டாம். அந்தப் பணம் படத்துக்கு மட்டும் அல்ல, அதில் இருந்த கையெழுத்துக்கு. எழுதப் படிக்க அவ்வளவாகத் தெரியாத ஜாக்சன் தன் கையால் போட்டது. வழக்கமாக அவருக்காகக் கையெழுத்துப் போடுவது அவர் மனைவி.

அப்படியானால் வயர் போட்டோ வாங்கவே கூடாதா?

தாராளமாக வாங்கலாம். நான் வாங்குகிறேன். வயர் விலையில் வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1951 அக்டோபர் 3 அன்று பாபி தாம்சன் அடித்த ஹோம் ரன்னை சியாட்டில் ஊர்க்காரர் மறுநாள் காலை பேப்பரில் பார்த்தார் என்றால், அவர் பார்த்தது கம்பியில் வந்த படத்தைத்தான். அசல் பிரிண்டை நியூயார்க் ஆபீஸில் நாலு பேர் பார்த்திருப்பார்கள். நாடு பார்த்தது வயர். கீழே டைப் அடித்த வரிகளில் அவசரம் தெரியும், எழுத்துப்பிழைகூட இருக்கும். என்னிடம் உள்ள ஒன்றில் கம்பி இரைச்சல் விழுந்து பந்து வீசுபவரின் கழுத்துக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக் கீறல். அதை நான் விற்க மாட்டேன்.

ஒரு எச்சரிக்கை: 1970-களின் நடுவில் ஏ.பி. கொண்டுவந்த ‘லேசர்போட்டோ’ பிரிண்ட்கள் சூட்டால் உருத்துலங்கும் பேப்பரில் வந்தவை. வெயில், சூடு பட்டால் பழுத்துக் கருக்கும். நம் ஊர் வெயிலுக்கு அவை தாங்காது. மலிவாகக் கிடைத்தால் வாங்கி, இருட்டில் வையுங்கள்.

போலிகள் உண்டா? கருப்பு விளக்குச் சோதனை நம்பலாமா?

உண்டு. ரூபாய் நோட்டைச் சோதிக்கும் அதே புறஊதா விளக்கை இருட்டில் காட்டுங்கள். 1950-களின் நடுவிலிருந்து போட்டோ பேப்பரில் வெளுப்பு ரசாயனம் சேர்க்க ஆரம்பித்தார்கள். அது சலவை வேட்டி மாதிரி நீலமாக ஒளிரும். 1930 படம் ஒளிர்ந்தால் கதை முடிந்தது. ஒளிராவிட்டால் பழையது என்று நிரூபணம் ஆகாது, ஏனென்றால் பிற்காலப் பேப்பர் எல்லாமும் ஒளிராது. பிளாஸ்டிக் பூசின மாதிரி வளைந்து கொடுக்கும் பேப்பர் என்றால் அது 1960-களின் கடைசிக்கு முந்தியது அல்ல.

நிழலான பகுதிகளில் சாய்த்துப் பார்த்தால் வெள்ளிப் பாத்திரம் மாதிரி ஒரு மினுக்கம் தெரிகிறதா? வயதான வெள்ளி மேலே வருவது அது. நல்ல அறிகுறி.

சான்றிதழ் வாங்க வேண்டுமா?

திரும்ப விற்பதாக இருந்தால், சில நூறு டாலருக்கு மேற்பட்ட படத்துக்கு வாங்குங்கள். 30 டாலர் படத்துக்கு வேண்டாம்; கட்டணமும் தபால் செலவும் படத்தை விழுங்கிவிடும். பிளாஸ்டிக் உறைக்குள் சீல் வைத்துக் கொடுத்த படத்தைக் கையால் தொட முடியாது என்பது என் தனிப்பட்ட வருத்தம்.

கிரிக்கெட் படங்களும் இப்படிக் கிடைக்குமா?

கிடைக்கும்; இங்கிலாந்து, ஆஸ்திரேலியாவில். லண்டனின் சென்ட்ரல் பிரெஸ், ஸ்போர்ட் அண்ட் ஜெனரல், கீஸ்டோன் ஸ்டாம்ப்களைத் தேடுங்கள். கடல் கடந்து வந்தவற்றில் ‘ரேடியோ’ என்ற சொல் இருக்கும். கம்பிக்குப் பதில் வானொலி அலை, மற்றபடி அதே கோடுதான். 1928-இல் சிட்னியில் ஹெர்பர்ட் ஃபிஷ்விக் எடுத்த வாலி ஹாமண்ட் கவர் டிரைவ், 1960-இல் பிரிஸ்பேன் டை டெஸ்டின் கடைசி ரன் அவுட்டை ‘தி ஏஜ்’ பத்திரிகையின் ரான் லவிட் எடுத்தது: இவற்றின் அந்தக் காலப் பிரிண்ட் கிடைத்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

நம் பக்கத்தில் கஷ்டம். ‘தி ஹிந்து’ குழுமம் 1947 முதல் 1968 வரை ‘ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்’ என்று ஒரு வார இதழே நடத்தியது. ஆனால் அமெரிக்காவைப் போல பத்திரிகைக் கிடங்குகள் இங்கே சந்தைக்கு வந்ததை நான் பார்த்ததில்லை. 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் நடந்த இரண்டாவது டை டெஸ்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மணிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. ஆன அந்தக் கடைசி நொடிக்கு மாலா முகர்ஜி எடுத்த படம்தான் சாட்சி என்று சொல்வார்கள். பிரிஸ்பேனுக்கு லவிட்டின் படம் மாதிரி. எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் நடந்த மேட்ச், ஒரு பழைய பிரிண்ட்கூட என் பெட்டியில் இல்லை.

சென்னை ஈரப்பதத்தில் எப்படிப் பாதுகாப்பது?

உங்கள் வீட்டிலும் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட கல்யாணப் போட்டோ ஒன்று இருக்கும். பிரிக்கப் போனால் மாப்பிள்ளை முகம் கண்ணாடியில் வந்துவிடும். பிரிண்டின் மேல்பரப்பு ஜெலட்டின். ஈரம் பட்டால் பசையாகிவிடும். எனவே கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே அட்டைச் சட்டம் வைத்து, இடைவெளி விட்டுத்தான் மாட்ட வேண்டும். வெயில் படும் சுவரும் வேண்டாம்.

மற்றவை: பாலியஸ்டர் உறை போடுங்கள், மெத்தென்று இருந்து பிளாஸ்டிக் நாற்றம் அடிக்கும் பி.வி.சி. உறை வேண்டாம். ஒட்டும் ஆல்பம், லாமினேஷன் இரண்டும் கொலைக்குச் சமம். சிலிகா ஜெல் பொட்டலத்தை மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை மாற்றுங்கள். முதுகில் ஏதாவது குறிக்க வேண்டுமென்றால் மென்மையான பென்சில். முதுகில் ஒட்டிய பழைய படக்குறிப்புத் தாள் பாதி பிரிந்து தொங்கினால் அப்படியே விடுங்கள். செல்லோ டேப்பைக் கிட்டவே கொண்டுவராதீர்கள். வெள்ளிமீன் பூச்சிக்கு இந்த ஜெலட்டின் மேல் தனிப் பிரியம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து பாருங்கள்.

வாங்கிய படத்தைப் புத்தகத்திலோ டி-ஷர்ட்டிலோ போடலாமா?

வாங்கியது காகிதத்தை, படத்தின் உரிமை அதோடு வராது. ஏ.பி. படம் என்றால் ஏ.பி.யிடம்தான் கேட்க வேண்டும். நண்பருக்குக் காட்டலாம், சுவரில் மாட்டலாம், விற்கலாம். டி-ஷர்ட் போடுவதாக இருந்தால் முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள்.